பீட்டர் ஓபி எத்தனை முறை ஆளுநர்? அனம்ப்ரா ஏன் நவம்பரில் வாக்களிக்கிறது?

தேரிக்காட்டான் கேட்டது:

நைஜீரியாவின் அனம்ப்ரா மாநில ஆளுநர் பட்டியலில் பீட்டர் ஓபியின் பெயர் மூன்று இடத்தில் வருகிறது. 2006 மார்ச் முதல் நவம்பர் வரை, 2007 பிப்ரவரி முதல் மே வரை, பிறகு 2007 ஜூன் முதல் 2014 மார்ச் வரை. இடையில் வேறு இருவர். இரண்டு தவணைக்கு மேல் கூடாது என்பதுதானே அங்கே சட்டம்? பெரும்பாலான மாநிலங்கள் பொதுத்தேர்தலோடு சேர்ந்து ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும்போது அனம்ப்ரா நவம்பரில் தனியாக வாக்களிப்பதும் புரியவில்லை. இன்னொன்று: அவர் அப்போது இருந்த ஆப்கா (அனைத்து முற்போக்காளர் பெருங்கூட்டணி) கட்சிக்குத் தனிக் கொள்கை இருந்ததா, அல்லது ஆட்சியில் செய்ததெல்லாம் அவருடைய சொந்தத் திட்டமா?

தேர்தல்பித்தன்:

முதலில், நம் ஊர் ஆளுநரை மனதில் வைத்துப் படிக்காதீர்கள். அங்கே ஆளுநர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சருக்குத்தான் நெருக்கம். தவணை 4 ஆண்டு, அதிகபட்சம் இரண்டு. ஓபி இருந்ததும் இரண்டே தவணைதான். முதல் தவணை இரண்டு இடத்தில் அறுபட்டதால் பட்டியலில் மூன்று துண்டாகத் தெரிகிறது.

2003 தேர்தலில் பிடிபி (மக்கள் ஜனநாயகக் கட்சி) வேட்பாளர் கிறிஸ் இங்கிகே வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. ஓபி வழக்குப் போட்டார். தேர்தல் தீர்ப்பாயம் 2005 ஆகஸ்டில் ஓபியே வென்றவர் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006 மார்ச் 15 அன்று அதை உறுதிசெய்தது. மார்ச் 17 அன்று பதவியேற்றார். 2003 மே 29 அன்று அமர்ந்திருக்க வேண்டியவர். கிட்டத்தட்ட 34 மாதம் வழக்கிலேயே போயிற்று.

2006 நவம்பர் 2 அன்று மாநிலப் பேரவை அவரைப் பதவிநீக்கம் செய்தது. துணை ஆளுநர் விர்ஜி எடியாபா பொறுப்பேற்றார். நைஜீரியாவின் முதல் பெண் மாநில ஆளுநர் அவர்தான். 2007 பிப்ரவரி 9 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது, ஓபி திரும்பினார். இது முதல் வெட்டு.

இரண்டாவதுதான் முக்கியம். தேர்தல் ஆணையம் ஓபியின் தவணை 2003-இலிருந்தே ஓடுகிறது என்று கணக்கிட்டு 2007 ஏப்ரலில் தேர்தல் நடத்திவிட்டது. பிடிபியின் ஆண்டி உபா மே 29 அன்று பதவியேற்றார். ஓபி தேர்தலுக்கு முன்பே கூட்டாட்சி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அரசமைப்பின் 180(2) பிரிவுப்படி 4 ஆண்டு எந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும்? கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் தமக்கு அதிகார வரம்பில்லை என்று ஒதுங்கின. உச்ச நீதிமன்றம் 2007 ஜூன் 14 அன்று, உறுதிமொழி எடுத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உபா பதினாறே நாளில் இறங்கினார். ஓபியின் தவணை 2010 மார்ச் 17 வரை என்றாயிற்று.

அனம்ப்ராவின் தேர்தல் கடிகாரம் அன்றோடு தனியாகப் பிரிந்தது. ஓபிக்குப் பின் ஆளுநர்களான ஓபியானோ 2014 மார்ச் 17, சொலுடோ 2022 மார்ச் 17 என்று எல்லோரும் அதே தேதியில்தான் பதவியேற்கிறார்கள். 2010-க்கு முன் இருந்த விதிப்படி தவணை முடிய 60 முதல் 30 நாள் இருக்கும்போது தேர்தல் நடத்த வேண்டும். அதனால் அந்த ஆண்டு பிப்ரவரி 6 அன்று நடந்தது. பிறகு 60 நாள் 150 ஆனது. மார்ச் 17-இலிருந்து 150 நாள் பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் நடுப்பகுதி, அதற்குப் பிறகு தேர்தல் நடத்தலாம். எனவே 2013, 2017, 2021, 2025 எல்லாமே நவம்பர்.

கயல்:

மேலே உள்ளது சரி. பதவிநீக்கம் ஏன் நிற்கவில்லை என்பதையும் சேர்க்கிறேன், மற்ற மாநிலச் செய்திகளைப் படிக்கவும் இது உதவும். அரசமைப்பின் 188-ஆம் பிரிவு படிகளை வரிசையாக வைத்திருக்கிறது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு கையெழுத்திட்ட குற்றச்சாட்டு. 7 நாளுக்குள் அதன் நகல் ஆளுநருக்கு. 14 நாளுக்குள் விசாரிப்பதா என்று வாக்கெடுப்பு, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அது நிறைவேறினால் மாநிலத் தலைமை நீதிபதி 7 பேர் குழு அமைப்பார். குழு குற்றம் நிரூபணம் என்று சொன்னால்தான் கடைசி வாக்கெடுப்பு, மறுபடி மூன்றில் இரண்டு. அனம்ப்ராப் பேரவையில் 30 பேர், ஆக 20 வாக்கு.

எண்ணிக்கை கிடைப்பது கடினமில்லை. பேரவை பிடிபி கையில் இருந்தது, ஆளுநர் வேறு கட்சி. அவசரத்தில் இடைப்படிகளைத் தாண்டுவதில்தான் இந்த நீக்கங்கள் உடைகின்றன. அதே பிரிவில் நீதிமன்றம் இதில் தலையிடக் கூடாது என்றும் ஒரு வரி உண்டு. ஆனால் ஓயோ மாநில ஆளுநர் லடோஜா வழக்கில், படிகளை ஒழுங்காகப் பின்பற்றினால்தான் அந்தப் பாதுகாப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 2006 டிசம்பரில் அவரைத் திரும்ப அமர்த்தியது. ஓபி மீண்டது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

தேரிக்காட்டான்:

நன்றி இருவருக்கும். ஒரு சந்தேகம். உறுதிமொழி நாளிலிருந்து எண்ணுவது என்றால், 2012-இல் ஐந்து ஆளுநர்களை உச்ச நீதிமன்றமே வீட்டுக்கு அனுப்பியதே? அவர்களும் அதே வாதத்தைத்தானே வைத்தார்கள்?

தேர்தல்பித்தன்:

வாதம் அதே, நிலைமை வேறு. அடமாவா, பயெல்சா, கிராஸ் ரிவர், கோகி, சொகோட்டோ ஆளுநர்கள் 2007 மே 29 அன்றே பதவியேற்றவர்கள். தேர்தல் ரத்தாகி, 2008-இல் மறுதேர்தலில் வென்று, இரண்டாம் முறை உறுதிமொழி எடுத்தார்கள். கணக்கு 2008-இலிருந்து என்றார்கள். அதை ஏற்றால் ஒருவர் ஒரே தவணையில் 4 ஆண்டுக்கு மேல் இருந்துவிடுவார். முதல் உறுதிமொழியிலிருந்தே எண்ண வேண்டும் என்று 2012 ஜனவரியில் நீதிமன்றம் முடித்துவைத்தது. 2006-க்கு முன் ஓபி ஒரு நாள்கூட அந்த நாற்காலியில் உட்காரவில்லை. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் இரண்டு தீர்ப்பும் முரண் போலத் தெரியும்.

நெய்தல்நிலவன்:

கட்சிக் கேள்விக்கு யாரும் வரவில்லையே. ஆப்கா 2002-இல் பதிவான கட்சி, சின்னம் சேவல். நைஜீரியாவிலிருந்து பிரிந்து தனிநாடாக நடந்த, 1970-இல் முடிந்த பியாஃப்ராப் போரின் தலைவர் ஓஜுக்வு அதன் முகம். 2003, 2007 அதிபர் தேர்தல்களில் வேட்பாளரும் அவரே. ‘உன் சகோதரனைக் காப்பவனாக இரு’ என்பது கட்சியின் முழக்கம். அனம்ப்ரா உள்ள தென்கிழக்குப் பகுதியின் இக்போ இன மக்களுக்குச் சொந்தமாக ஒரு கட்சி வேண்டும் என்ற உணர்வுதான் அதன் அடித்தளம். வரி, பள்ளி, சாலை பற்றி எதிர்க்கட்சியிலிருந்து பிரித்துக்காட்டும் அளவுக்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை என்பது என் கருத்து. ஆதாரம் வேண்டுமானால் 2010 தேர்தலைப் பாருங்கள். ஓபிக்கு எதிராக பிடிபி வேட்பாளராக நின்று மூன்றாவதாக வந்த சொலுடோதான் பின்னாளில் ஆப்கா ஆளுநர். இரண்டாவதாக வந்த இங்கிகே அதற்குள் பிடிபியிலிருந்து ஏசி (ஆக்‌ஷன் காங்கிரஸ்) கட்சிக்குப் போயிருந்தார். உபா தொழிலாளர் கட்சியில் நின்றார். அந்தத் தொழிலாளர் கட்சி சார்பில்தான் 2023-இல் ஓபி அதிபர் வேட்பாளர்! நைஜீரியாவில் சுயேச்சையாக நிற்க வழியில்லை, ஏதாவதொரு கட்சி நிறுத்தியாக வேண்டும். கட்சி, ஏறி இறங்கும் வண்டி மாதிரி ஆகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓபி நடத்தியது ‘அனிட்ஸ்’ என்ற அனம்ப்ரா ஒருங்கிணைந்த வளர்ச்சி உத்தி, அவர் ஆட்சியின் திட்டம். வறுமை, கல்வி, சுகாதாரம் போன்றவை பற்றிய ஐ.நா.வின் 8 புத்தாயிரமாண்டு இலக்குகளை எடுத்து, ஒன்றை முடித்து அடுத்தது என்றில்லாமல் எல்லாத் துறையிலும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்குவது. அதில் துணிச்சலானது பள்ளி விஷயம். 1970-இல் போர் முடிந்ததும் அரசு எடுத்துக்கொண்ட பள்ளிகளைத் திருச்சபைகளிடமே திருப்பிக் கொடுத்து, அரசுப் பணமும் கொடுத்தார். வணிகர், வங்கித் தலைவராக இருந்தவர் என்பதால் கடனைத் தவிர்ப்பதிலும் பிடிவாதம். போகும்போது ரொக்கமும் முதலீடுமாக 75 பில்லியன் நைரா விட்டுச்செல்வதாக அறிவித்தார். அடுத்து வந்த ஓபியானோ தரப்பு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அந்தத் தொகையை மேற்கோள் காட்டும்போது முழுவதும் ரொக்கம் என்று எழுதாதீர்கள்.

கயல்:

அனிட்ஸைப் பாராட்டும்போது ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மாநிலத்தில் 21 உள்ளாட்சிகள். ஓபி ஆட்சியில் ஏறக்குறைய கடைசிவரை அவற்றை நியமனக் குழுக்களே நடத்தின. தேர்தல் நடந்தது 2014 ஜனவரியில், அவர் இறங்க இரண்டு மாதம் இருக்கும்போது. அதற்கு முந்தைய உள்ளாட்சித் தேர்தல் 1998-இல், அதாவது இங்கிகே உட்பட முன்னிருந்தவர்களும் நடத்தவில்லை. காரணம் பணம் போகும் வழி: கூட்டாட்சி அரசு உள்ளாட்சிக்குத் தரும் பங்கு மாநிலத்தோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில் விழும். நியமனத் தலைவர் அந்தக் கணக்கைப் பற்றி ஆளுநரிடம் கேள்வி கேட்கமாட்டார். ஓபி வழக்குப் போட்டு மக்களின் வாக்கை மீட்டவர் என்பதாலேயே இது எனக்கு அதிகம் உறுத்துகிறது. 2024 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அந்தப் பங்கை உள்ளாட்சிக்கு நேரடியாகக் கொடுக்கச் சொன்னது. நியமனக் குழுக்களும் செல்லாது என்றது.