மங்கிய பிரிண்டுக்கு எதற்கு அத்தனை கைதட்டல்?

கடைசிவரிசை | ஞாயிறு இரவு 11:20

எங்கள் பகுதியில் இருக்கிற சின்ன அரங்கில் இந்த வாரக் கடைசியில் மூன்று நாள் தொடர் திரையிடல். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. ஒரே திரை, வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சம்பளம் கிடையாது. அதனால் குறை சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளி இரவு 'மெட்ரோபொலிஸ்', டிஜிட்டலில். சனி மதியம் பஸ்டர் கீட்டன் நடித்த பேசாத நகைச்சுவைப் படம் 'தி ஜெனரல்', 35 எம்.எம். பிலிமில், திரைக்குக் கீழே ஒருவர் பியானோ வாசிக்க. சனி இரவு எழுபதுகளில் வந்த ஒரு வண்ணப்படம், அதுவும் பிலிமில். ஞாயிறு ஒரு புது ஆவணப்படம். என் பிரச்சினை சனி இரவு.

முதல் நிமிடத்திலிருந்து எல்லாமே இளஞ்சிவப்பு. வானம் இளஞ்சிவப்பு, பனி இளஞ்சிவப்பு. கதாநாயகியின் பச்சைக் கோட்டு (பச்சை என்று வசனத்தில் சொல்கிறார்கள், அதனால்தான் தெரியும்) செங்கல் நிறத்தில் இருந்தது. நாலாவது ரீலில் பிலிம் அறுந்து ஏழு நிமிடம் இருட்டு. திரும்ப ஓட ஆரம்பித்ததும் அரங்கமே கைதட்டுகிறது. எதற்கு? அறிமுகம் பேசியவர் 'பிலிமுக்கே உரிய வெதுவெதுப்பு' என்றார். எனக்கு அது காய்ச்சல் மாதிரிதான் தெரிந்தது.

இதே படத்தை மூல நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்து, நிறம் சரிபார்த்து, டிஜிட்டலில் கொண்டுவந்திருக்கிறார்கள். அதைப் போடாமல் இதைப் போட்டது சினிமா மேல் உள்ள அன்பா, இல்லை 'நாங்கள் பிலிம் ஓட்டுகிறோம்' என்ற பெருமையா?

ரீல்காரன் | ஞாயிறு இரவு 11:52

தம்பி, பத்தொன்பது வருஷம் படம் ஓட்டுகிற கேபினில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்த அரங்குக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, சனி இரவு உங்களைப் போல டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவன்தான்.

நிறம் போனதற்கு ஆபரேட்டர் பொறுப்பில்லை. 1950இல் ஈஸ்ட்மன்கலர் வந்தது. அதற்கப்புறம் வண்ணப் பிரிண்டுகள் பெரும்பாலும் அந்த வகைப் பிலிமில்தான் அடிக்கப்பட்டன. அதில் மூன்று சாய அடுக்கு உண்டு. அந்தக் காலச் சாயங்களில் சியான், அதாவது நீலப்பச்சை, முதலில் செத்துப்போகும். மஞ்சளும் இளைத்துவிடும். மஜந்தா மட்டும் அசையாமல் நிற்கும். நீங்கள் பார்த்த இளஞ்சிவப்பு அதுதான். நிறம் நிலைக்கிற பிரிண்ட் பிலிம் எண்பதுகளில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய பிரிண்டைக் குளிர் அறையில் வைக்காவிட்டால் கதி இதுதான். டெக்னிகலர் முறையில் சாயத்தை நேராக ஏற்றி அச்சடித்தவை மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

கைதட்டலுக்கு வருகிறேன். அந்த அரங்கில் இரண்டு மிஷின். ஒரு ரீல் அதிகபட்சம் இருபத்திரண்டு நிமிடம் ஓடும். முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். நாலே நாலு பிரேம், வினாடியில் ஆறில் ஒரு பங்கு. அதைப் பார்த்ததும் அடுத்த மிஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு வினாடி கழித்து இரண்டாவது புள்ளி. உடனே மாற்ற வேண்டும். கண் சிமிட்டினால் திரை வெள்ளையாகிவிடும். அன்றைக்கு ஐந்து மாற்றம். ஒன்றாவது உங்களுக்குத் தெரிந்ததா? அறுந்தது ஒரு பழைய ஒட்டு. அதைச் சரிபார்த்து, மறுபடி மிஷினில் கோத்து, வசனம் விட்ட இடத்திலேயே பிடித்தார் அந்த மனிதர். கைதட்டல் அவருக்கு.

கடைசிவரிசை | திங்கள் காலை 7:05

முதலில், தம்பி இல்லை சார். ஐம்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா.

விளக்கத்துக்கு நன்றி, புள்ளி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் நிறம் ஏன் போனது என்று தெரிந்துகொண்டதால் போன நிறம் வந்துவிடாதே. அந்தப் படத்தில் ஒரு காட்சி: ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்து நீலம், உள்ளே விளக்கின் மஞ்சள், நடுவில் அந்தப் பெண். ஒளிப்பதிவாளர் அந்த இரண்டு நிறத்துக்காகத்தான் அந்த நேரம் வரை காத்திருந்திருப்பார். சனி இரவு ஜன்னலும் விளக்கும் ஒரே நிறம். காட்சியே இல்லை. ஆபரேட்டர் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். நான் போனது படம் பார்க்க.

மழைநாள் | திங்கள் காலை 9:30

கடைசிவரிசை அக்கா, வெள்ளி இரவு படம் முடிந்ததும் வாசலில் நின்று ஆகா ஓகோ என்று பேசிக்கொண்டிருந்தது நீங்கள்தானே? ஊதா ஸ்கார்ஃப்? அந்தப் படத்திலும் பாதிக்குப் பாதி மழைக்கோடுதானே ஐயா!

பார்க்காதவர்களுக்காக: 'மெட்ரோபொலிஸ்' 1927 ஜனவரியில் பெர்லினில் முதலில் ஓடியது. கொஞ்ச நாளிலேயே வெட்டிச் சுருக்கிவிட்டார்கள், வெட்டியது தொலைந்தே போனது. 2008இல் புவனோஸ் ஐரிஸில் ஒரு திரைப்பட அருங்காட்சியகத்தில் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கு ஒரு 16 எம்.எம். பிரதி கிடைத்தது. அதிலிருந்து எடுத்த பகுதிகளைச் சேர்த்து 2010இல் வெளியிட்டார்கள். அந்தப் பகுதிகள் வரும்போது படம் திடீரென்று சுருங்கி ஓரத்தில் கறுப்பு விழும், முகமெல்லாம் கீறல். நீங்கள் முணுமுணுக்கவில்லை. அங்கே கீறல் சரித்திரம், இங்கே இளஞ்சிவப்பு குற்றமா?

கடைசிவரிசை | திங்கள் காலை 10:14

ஸ்கார்ஃப் நான்தான். பாதிக்குப் பாதி என்பது அநியாயம், சேர்த்தது மொத்தம் அரைமணி நேரம் கூட வராது.

அந்தக் கீறலைப் பொறுத்துக்கொண்டது ஏனென்றால் வேறு வழியில்லை. உலகத்தில் அந்தக் காட்சிகளுக்கு இருக்கிற ஆதாரம் அது ஒன்றுதான். கீறல் அந்தப் பிலிமின் மேல்கூட இல்லை, எந்தப் பிரதியிலிருந்து எடுத்தார்களோ அதில் இருந்த கீறல் படமாகவே பதிவாகிவிட்டது. துடைத்தால் போகாது. சனிக்கிழமைப் படத்துக்கு நல்ல பிரதி இருக்கிறது. ஒரே ஒரு போட்டோ மிச்சமிருக்கிற பாட்டியும், ஆல்பம் நிறைய போட்டோ இருக்கிற பாட்டியும் ஒன்றா?

அரைத்தூக்கம் | திங்கள் காலை 10:40

பிலிம், டிஜிட்டல் எதுவானாலும் சரி. படத்துக்கு முன்னால் நாற்பது நிமிடம் பேசி, அதில் கடைசிக் காட்சியையும் சொல்லிவிட்ட அந்த நபரைப் பற்றி யாருமே பேச மாட்டீர்களா?

டிக்கெட்_மேசை | திங்கள் மதியம் 1:25

அரங்கில் தன்னார்வலராக இருக்கிறேன், வாரக் கடைசி முழுக்க வாசலில் டிக்கெட் கிழித்தவன். அரைத்தூக்கம், பேச்சு பத்து நிமிடம் என்றுதான் சொல்லிவைத்தோம். மன்னிக்கவும்.

சனிக்கிழமைப் படத்துக்கு முதலில் டிஜிட்டல் பிரதிதான் கேட்டோம். உரிமை வைத்திருப்பவர்களிடமிருந்து கடைசி வரை பதில் இல்லை. காட்சிக்கு அனுமதி மட்டும் வேறொரு வழியில் கிடைத்தது, பிரிண்ட் ஒரு காப்பகத்தில் இருந்தது. ரீல்களை வெட்டி ஒட்டி ஒரே பெரிய தட்டில் சுற்றி ஓட்டக் கூடாது, இரண்டு மிஷினில் மாற்றி மாற்றித்தான் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். பெட்டியோடு வந்த தாளில் 'நிறம் மங்கியது' என்று எழுதியிருந்தது. அதை நோட்டீஸில் போடவில்லை. போட்டால் கூட்டம் வராதோ என்று பயம். அது எங்கள் தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று நாளில் அதிக நேரம் நின்றது பிலிம் காட்சி இல்லை. ஞாயிறு ஆவணப்படம் முப்பத்தைந்து நிமிடம் தாமதம். டிஜிட்டல் படம் பூட்டித்தான் வரும், திறக்கிற சாவிக் கோப்பு ஒவ்வொரு சர்வருக்கும் தனி, இன்ன நாள் இன்ன நேரம் வரை என்று கெடுவும் உண்டு. எங்கள் சர்வரின் உள்பாகம் ஒன்றைப் போன மாதம் மாற்றினோம். சாவி பழைய பாகத்தின் பேரில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்க ஆளில்லை. ஒருவழியாகப் புதுச் சாவி வந்து படம் ஓடியபோது யாரும் கைதட்டவில்லை. மொத்தம் இரண்டு வரிசை ஆட்கள்தான் என்பது வேறு விஷயம்.

ரீல்காரன் | திங்கள் மதியம் 2:10

அதைத்தான் சொல்கிறேன். பிலிம் அறுந்தால் கையால் ஒட்டலாம். சாவி பொருந்தாவிட்டால் கேபினில் நிற்பவன் கையைக் கட்டிக்கொண்டு போன் அடிக்க வேண்டியதுதான்.

மேடம், தம்பி என்றதற்கு மன்னிக்கவும். ஆனாலும் ஒரு விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிஜிட்டலில் இருக்கிற நிறம் மட்டும் 'அசல்' என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நெகட்டிவும் அதே வயது, அதிலும் சாயம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இன்றைக்கு ஒருவர் மானிட்டர் முன் உட்கார்ந்து இந்த அளவு நீலம் போதும் என்று முடிவு செய்கிறார். சில மறுசீரமைப்பில் எல்லாப் படத்தையும் ஒரே மாதிரி மஞ்சளும் பச்சையுமாக ஆக்கிவிடுகிறார்கள். அது ஒருவருடைய ஊகம். மங்கிய பிரிண்டிடம் ஊகம் கிடையாது.

கடைசிவரிசை | திங்கள் மாலை 6:30

ஊகம்தான். ஆனால் நல்ல இடங்களில் ஒளிப்பதிவாளர் உயிரோடு இருந்தால் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், நிறம் நிற்கிற ஒரு பழைய பிரிண்ட் கிடைத்தால் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். தப்பு வரலாம். தப்பு வரலாம் என்பதற்காக, தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைப் பார்த்துக் கைதட்டச் சொல்கிறீர்களே, அதுதான் பிடிபடவில்லை.

புதுசு_நான் | திங்கள் இரவு 8:45

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். சனி மதியம் பதினோரு வயது மகளோடு போயிருந்தேன். பேசாத படம், தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். கீட்டன் சோகமாக ரயில் எஞ்சின் சக்கரத்தை இணைக்கிற தண்டில் உட்கார்ந்திருப்பார், எஞ்சின் கிளம்பும், அவர் அதே சோகத்தோடு மேலும் கீழும் வட்டமடித்துப் போவார். அங்கே சிரிக்க ஆரம்பித்தவள் பாலம் இடிந்து நிஜ எஞ்சின் ஆற்றில் விழுகிற வரை நிறுத்தவில்லை. நடுவில் இரண்டு தடவை திரும்பி, பின் சுவரில் வெளிச்சம் வருகிற ஓட்டையைப் பார்த்தாள். 'அங்கே யாரோ இருக்காங்களா?' என்று கேட்டாள்.

என் கேள்வி: அது 1926 படம், அதுவும் பிலிம்தான். அது ஏன் மங்கவில்லை?

ரீல்காரன் | திங்கள் இரவு 9:02

நல்ல கேள்வி கேட்டீர்கள். கறுப்பு வெள்ளையில் சாயமே கிடையாது, படம் முழுக்க வெள்ளித் துகள். நன்றாகக் கழுவிய பிரிண்டாக இருந்தால் நூறு வருஷமானாலும் நிற்கும். அப்புறம், பேசாத படத்தை எல்லாம் வினாடிக்கு இருபத்துநாலு பிரேமில் ஓட்டினால் ஆட்கள் கோழி மாதிரி ஓடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அன்று வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டினார்கள், அந்த நடையைப் பார்த்தாலே தெரிந்தது. பியானோக்காரரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மகளை அடுத்த தடவை கேபினுக்குக் கூட்டிப்போகக் கேட்டுப் பாருங்கள்.

கடைசிவரிசை | திங்கள் இரவு 9:20

சனி மதியத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, எழுதிவிடுகிறேன். நான் பிலிமுக்கு எதிரி இல்லை. நோட்டீஸில் 'நிறம் மங்கிய பிரிண்ட், வேறு பிரதி கிடைக்கவில்லை' என்று ஒரு வரி இருந்திருந்தால் இந்த இழையையே ஆரம்பித்திருக்க மாட்டேன். போயிருப்பேனா என்பது தெரியாது. போயிருந்தால் தெரிந்து போயிருப்பேன்.

டிக்கெட்_மேசை | திங்கள் இரவு 9:41

அடுத்த மாதமும் ஒரு வண்ணப் பிரிண்ட் வருகிறது. இந்தத் தடவை வியாழன் மாலையே ஒரு ரீலை ஓட்டிப் பார்த்துவிட்டு நோட்டீஸ் அடிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். கடைசிவரிசை, ரீல்காரன் இருவரும் வர முடியுமா? புதுசு_நான் மகளையும் கூட்டி வரலாம், கேபின் சின்னது, ஒவ்வொருவராக ஏற வேண்டும்.

ரீல்காரன் | திங்கள் இரவு 9:50

வருகிறேன். ஆனால் ஒரு ரீல் போதாது. பழைய பிரிண்டில் ஆறு ரீலும் ஒரே செட்டாக இருக்கும் என்று நம்பக் கூடாது, கெட்டுப்போன ரீலுக்குப் பதில் வேறொரு செட்டிலிருந்து போட்டிருப்பார்கள். மூன்றாவது ரீலில் நீலமாக இருந்த கடல் நாலாவதில் சிவந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆறிலும் ஐந்தைந்து நிமிடம் ஓட்டுங்கள்.

கடைசிவரிசை | திங்கள் இரவு 9:58

ஆறிலும் பார்ப்போம். முன்னால் பேச்சு உண்டா?

அரைத்தூக்கம் | திங்கள் இரவு 9:59

இருந்தால் சொல்லுங்கள், நாற்பது நிமிடம் கழித்து வருகிறேன்.