உதவி: நோர்மல் மெப் பேக் பண்ணினா மூலையில கறுப்பு, மீன் சரியுது

உப்புவெளி_கலை:
அவசரம், ஆராவது கெதியாச் சொல்லுங்கோ. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசற்கல்லைக் கணினியில 3டி மொடலா ஸ்கல்ப்ட் பண்ணி முடிச்சிட்டன், இணைக்கயலும் (ரெட்டை மீன்) எழுத்தும். அதை நோர்மல் மெப்பா (மேடுபள்ளத்தை நிறத்தில பதிஞ்ச படம்) லோபொலிக்கு, அதான் முகம் குறைஞ்ச மொடலுக்கு, பேக் பண்ணினா மூலை வழிய கறுப்புத் திட்டு, மீன் ஒரு பக்கமாச் சரிஞ்சு நிக்குது, உளித் தடம் ஒண்டும் வரேல்ல. செட்டிங் எல்லாம் சரிதான். நாளைக்குக் குடுக்கவேணும்.

மூதூர்_பொலிகன்:
என்ன மென்பொருள்? மெப் எத்தினை பிக்சல்? கல்லு எவ்வளவு உயரம்? ஸ்கேல் அப்ளை பண்ணினதோ? லோபொலி ஷேட் ஸ்மூத்தோ (முகங்களை வழுவழுப்பாச் சேர்த்துக் காட்டிறது) ஃபிளட்டோ?

பச்சைச்_சனல்:
இது பச்சைச் சனல் பிரச்சினை: மெப்பில மேல்-கீழ்ச் சாய்வு பச்சையிலதான் இருக்கு, அது ரெண்டு முறையில எதிரெதிர். அன்ரியலுக்கு டிரெக்ட்எக்ஸ் முறை, பிளென்டருக்கும் யூனிட்டிக்கும் ஓபன்ஜிஎல். பச்சையை இன்வேர்ட் பண்ணுங்கோ, சரி வரும். எந்த கேம் எஞ்சின்?

கோணமலை_மூத்தவன்:
பச்சையைத் திருப்பினா மேடு குழியாத் தெரியும், மீன் சரியாது. இந்தக் கேள்விக்கு இங்கயே பதில் நிறையக் கிடக்கு. தேடிப் பாக்கிற பழக்கம் இப்பத்தைய பிள்ளையளுக்கு இல்லை. "செட்டிங் எல்லாம் சரி" எண்டா பிறகேன் கேக்கிறீர்?

உப்புவெளி_கலை:
பிளென்டர் 4.2. மெப் 2048. கல்லு 2 மீற்றர். முழுக்க ஷேட் ஸ்மூத். எக்ஸ்ட்ரூஷன் (பேக் கதிர் எவ்வளவு வெளியில இருந்து தொடங்கும் எண்டது) 0. ஸ்கேல் அப்ளை பண்ணேல்ல. பழைய வீடியோவில சொன்ன ஓட்டோ ஸ்மூத்தைக் காணேல்ல.

மூதூர்_பொலிகன்:
காணாதுதான், 4.1 ஓட அந்த டிக்கை எடுத்து மொடிஃபையரா மாத்திட்டாங்கள். தேவையுமில்லை.

90 பாகை மூலையை ஸ்மூத் பண்ணினா மூலைப் புள்ளியின்ர நோர்மல் (மேற்பரப்பு பாக்கிற திசை) மூண்டு முகத்துக்கும் சராசரியாச் சாய்ஞ்சு நிக்கும். முகத்தின்ர நடுவில வேற புள்ளி இல்லை, அதால அந்தச் சாய்வு முகம் முழுக்கப் பரவும். பேக் கதிரும் சாய்வாப் போய்த்தான் மீனில படுது. உங்கட மீன் சரியிறது அதாலதான். கறுப்பு வேற கதை: எக்ஸ்ட்ரூஷன் 0 எண்டா லோபொலிக்கு வெளியில துருத்திற இடத்தைக் கதிர் பிடிக்காது.

முதல் கொன்ட்ரோல் ஏ, ஸ்கேல். மூலை விளிம்புகளுக்கு மார்க் ஷார்ப், அதே விளிம்புகளுக்கு சீம் (யூவி வெட்டுக் கோடு). யூவி தீவுகளுக்கு (மொடலைத் தட்டையா விரிச்ச துண்டுகள்) இடையில 16 பிக்சல் விடுங்கோ, மார்ஜின் (நிறம் தீவுக்கு வெளியில பரவிற அளவு) 8. பிறகு ஒவ்வொரு விளிம்புக்கும் 1 சென்ரிமீற்றர் உள்ளுக்கு ஒரு லூப் கட் (சுத்திவர ஒரு புது விளிம்பு). சாய்வு அதுக்குள்ள அடங்கிடும். லோபொலியை முக்கோணமாக்கிப்போட்டு பேக் பண்ணுங்கோ. ஹைபொலியை (ஸ்கல்ப்ட் பண்ணின மொடல்) முதல், லோபொலியைக் கடைசியாத் தெரிவு செய்து செலக்டட் டு அக்டிவ். கேஜ் (லோபொலியைச் சுத்தின உறை, கதிர் அதிலயிருந்து வரும்) டிக் கட்டாயம்: அது இல்லாட்டி ஷார்ப் விளிம்பில கதிர் ரெண்டாப் பிரிஞ்சு நடுவில ஒண்டும் படாது. எக்ஸ்ட்ரூஷனை மீன் துருத்திற அளவிலும் கொஞ்சம் கூட வையுங்கோ, 0.01 மீற்றரில தொடங்கலாம். கூடினா பக்கத்து மேட்டைப் பிடிச்சிடும். இமேஜ் நோட்டை நொன்-கலர் எண்டு வையுங்கோ, இது நிறமில்லை, திசைத் தரவு.

உளித் தடம் இதால வராது. 2 மீற்றரை 2048 இல விரிச்சா ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர். ஒரு கீறு தெரியவே ரெண்டு மூண்டு பிக்சல் வேணும். 4096 போடுங்கோ, இல்லாட்டி கல் தன்மைக்குத் திரும்பத் திரும்ப வாற தனி டைல் நோர்மல் மெப் ஒண்டை மேல கலவுங்கோ.

பச்சைச்_சனல்:
16 பிட்டில பேக் பண்ணுங்கோ, 8 பிட் எண்டா சாய்வுப் பக்கமெல்லாம் பட்டை பட்டையா வரும். பச்சையையும் ஒருக்காப் பாருங்கோ.

கோணமலை_மூத்தவன்:
அதெல்லாம் கிடக்கட்டும். எழுத்தை நீரே நிரப்பினீரோ? அந்தக் கல்லில எழுத்துத் தேய்ஞ்சு விட்டுவிட்டுத்தான் கிடக்கு.

நிலாவெளி_நிழல்:
ஐயா, விளையாட்டுக்குச் செய்யிறதெண்டா நிரப்பினா என்ன?

கோணமலை_மூத்தவன்:
பிறகு அதைப் படம் பிடிச்சு ஆதாரமெண்டு போடுவினம். தேய்ஞ்சதைத் தேய்ஞ்சபடி விடவேணும்.

மூதூர்_பொலிகன்:
நிரப்பின எழுத்தைத் தனி லேயரில வச்சா ரெண்டு மெப் எடுக்கலாம், சண்டை தேவையில்லை.

நிலாவெளி_நிழல்:
பிளென்டர் ஸ்கல்ப்டில எங்கயப்பா லேயர்?

மூதூர்_பொலிகன்:
ஷேப் கீ (ஒரே மொடலின்ர வேற வடிவத்தைச் சேமிக்கிறது). மல்டிரெஸ் (முகங்களைப் படிப்படியாப் பிரிச்சு ஸ்கல்ப்ட் பண்ணிற மொடிஃபையர்) போட்டிருந்தா அதுவும் ஏலாது, மொடலை ரெண்டாக் கொப்பி பண்ணவேணும்.

உப்புவெளி_கலை:
மூலை சரி, மீன் நேரா நிக்குது. 4096 க்கு மெசின் இழுக்குது, டைல் போடுறன். நன்றி அண்ணை.

பச்சைச்_சனல்:
எஞ்சின் எது எண்டு இன்னும் சொல்லேல்ல.