பார்க்லி ஓடியது காலாலா, லைனாலா?

நீலச்சட்டை:

அமெரிக்கக் கால்பந்து லீக்கில் (NFL) பந்தை வாங்கி ஓடுகிற ரன்னிங் பேக் சக்வான் பார்க்லி, ஆறு வருஷம் எங்கள் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் இருந்தான். 2018 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுப்பது) இரண்டாவது ஆளாக ஜயண்ட்ஸ் எடுத்தது. முதல் வருஷம் 1,307 யார்டு ஓடினான். அப்புறம் கணுக்கால், முழங்கால் என்று ஆஸ்பத்திரிக் கணக்குதான் அதிகம். 2023-ல் 962 யார்டு, ஓட்டத்துக்குச் சராசரி 3.9. "இவன் கதை முடிந்தது, இவனுக்கு எதற்கு அவ்வளவு பணம்" என்று பேசியவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை.

2024-ல் ஃபிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனான். அந்த ஒரே சீசனில் 2,005 யார்டு, சராசரி 5.8, மேலே லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் கோப்பை. மாறியது சட்டையும், அவனுக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுத்து (பிளாக் செய்து) வழிவிட்ட ஐந்து பேரும், அதாவது லைனும்தான். அப்படியென்றால் ஆறு வருஷமாக நாங்கள் திட்டியது தப்பான ஆளை. 2023-ல் எங்கள் குவாட்டர்பேக்குகள் (பந்தை எறிகிறவர்கள்) 85 முறை சாக் ஆனார்கள், அதாவது எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார்கள். அதுவரையிலான லீக் வரலாற்றில் அதைவிடக் கேவலம் ஒரே ஒரு அணிக்குத்தான்: 1986 ஈகிள்ஸ், 104 முறை. அந்த லைனுக்குப் பின்னால் யார் ஓடினாலும் அதே கதிதான். பிளாக்கர்தான் காரணம், கேஸ் முடிந்தது.

கழுகுக்கூடு:

அண்ணே, 1986-ஐ நடுவில் செருகினீர்கள் பாருங்கள், அங்கேயே தெரிகிறது வயிற்றெரிச்சல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஈகிள்ஸ் ஆள். எங்கள் லைனை நீங்கள் புகழ்ந்தால் எனக்குக் கசக்குமா? ஆனால் கணக்கு இடிக்கிறதே. 2023-லும் எங்கள் லைன் நல்ல லைன்தான். லைனின் நடுவில், சென்டரில், ஜேசன் கெல்சி வேறு. அதற்குப் பின்னால் ஓடிய டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் எடுத்தது 1,049, சராசரி 4.6. மறு வருஷம் கெல்சி ஓய்வு பெற்றார். அவருக்குப் பக்கத்தில் கார்டாக இருந்த ஜர்கன்ஸ் சென்டருக்கு நகர்ந்தார். அந்தக் காலி இடத்தில் வந்தவர் ஜெட்ஸ் அணி வேண்டாமென்று விட்ட மெக்காய் பெக்டன். காகிதத்தில் பார்த்தால் லைன் ஒரு படி இறங்கியிருக்கிறது. ஓட்டமோ 4.6-லிருந்து 5.8-க்கு ஏறியது. நடுவில் உள்ள அந்த 1.2 யார்டு யாருடையது?

ஜாக்சன்வில் ஆட்டத்தில் பார்க்லி முதுகைத் திருப்பிக்கொண்டு ஒருவன் தலைக்கு மேலே பின்பக்கமாகத் தாவினானே, அதை எந்த பிளாக்கர் செய்து கொடுத்தார்?

நீலச்சட்டை:

தாவினது அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்விஃப்ட்டின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே தம்பி. 2024-ல் அவர் சிகாகோ போனார். 959 யார்டு, சராசரி 3.8. உங்கள் லைனை விட்டு நகர்ந்ததும் 4.6 எங்கே போச்சு? வந்தவன் ஏறினான், போனவன் இறங்கினான்.

கழுகுக்கூடு:

அப்போ இதற்கும் பதில் சொல்லுங்கள். பார்க்லி போன பிறகு அதே 2024-ல் உங்களிடம் ஓடியவர் டைரோன் டிரேசி. ஐந்தாவது சுற்றில் எடுத்த புதுப் பையன். கல்லூரியில் பெரும்பாலான காலம் எறிந்த பந்தைப் பிடிக்கிற ரிசீவராக ஆடியவர். 839 யார்டு, சராசரி 4.4. லைன் மட்டும்தான் காரணமென்றால் பார்க்லிக்கு 3.9 கொடுத்த லைன் இந்தப் பையனுக்கு எப்படி 4.4 கொடுத்தது?

நீலச்சட்டை:

லைனையே மாற்றினார்கள் ஐயா! ரன்யன், எலுமுனோர் என்று இரண்டு பேரை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். 2023-ல் எங்கள் லைன்காரர் ஆண்ட்ரூ தாமஸ் பல ஆட்டம் காயத்தில் உட்கார்ந்திருந்தார். இதுகூடத் தெரியாமலா.

எண்பித்தன்:

இரண்டு பேரும் சராசரியை வைத்து அடித்துக்கொள்கிறீர்கள். அந்தச் சராசரியே ஒரு ஏமாற்றுக்காரன்.

ஒருவன் பத்து முறை ஓடி பத்து முறையும் 5 யார்டு எடுக்கிறான். இன்னொருவன் ஒன்பது முறை 2 யார்டு, பத்தாவது முறை 32. இருவருக்கும் சராசரி 5.0 தான். முதலாமவனை நம்பி மூன்றாவது டவுனில் (பத்து யார்டு நகரக் கிடைக்கிற நான்கு வாய்ப்பில் மூன்றாவது) இரண்டு யார்டுக்குப் பந்தைக் கொடுக்கலாம். இரண்டாமவனிடம் கொடுத்தால் சாமி கும்பிட வேண்டும். இந்த இரண்டாவது ஜாதிக்கு ராஜா டெட்ராய்ட்டின் பாரி சாண்டர்ஸ். 15,269 யார்டு, சராசரி 5.0. அவரே 1994 ப்ளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் ஆட்டம்) க்ரீன் பேயிடம் 13 முறை ஓடி எடுத்தது கழித்தல் 1 யார்டு. பார்க்லியும் அதே ரத்தம்தான். 2020-ல் பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் 15 ஓட்டம், மொத்தம் 6 யார்டு.

இப்போது புது அளவுகோல் ஒன்று இருக்கிறது. எதிராளி முதலில் தொடும் வரை ஓடிய யார்டு லைன் கணக்கில், தொட்ட பிறகு ஓடியது ஓடுகிறவன் கணக்கில். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் ஒழுகும் பானை. பந்தை வாங்கியதும் அரை நொடி நின்று நிதானித்து, கார்டு தன் ஆளைத் திருப்பும்வரை காத்திருந்து போகிறான் ஒருவன். தொடாமல் கிடைத்த ஆறு யார்டும் லைன் கணக்கில் ஏறுகிறது. அவசரக்காரன் ஒருவன் தன் கார்டின் முதுகிலேயே போய் மோதிக்கொள்கிறான். அந்தப் பழியும் லைன் மேல்தான்.

பழைய டல்லாஸ்காரன்:

புதுக் கணக்கெல்லாம் வேண்டாம், பழைய கதை ஒன்று போதும். 1993. எங்கள் லைன் லீக்கையே மிரட்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் ரன்னிங் பேக் எமிட் ஸ்மித்தைப் பற்றி எல்லாரும் சொன்னது, "அந்த லைனுக்குப் பின்னால் என் பாட்டியும் ஓடுவாள்." எமிட் சம்பளத் தகராறில் முதல் இரண்டு ஆட்டத்துக்கு வரவில்லை. அதே லைன், வேறு ஆள். இரண்டிலும் தோல்வி. முதலாளி கையெழுத்துப் போட்டார், எமிட் வந்தார். 12-4 என்று முடித்து சூப்பர் பௌலும் வாங்கினோம். பாட்டி எங்கே போனாள்?

எண்பித்தன்:

பாட்டி டென்வரில் இருந்தாள் ஐயா. டெரெல் டேவிஸ் ஆறாவது சுற்று ஆள், 1998-ல் 2,008. மறு வருஷம் முழங்கால் போச்சு. உடனே ஒலாண்டிஸ் கேரி, நாலாவது சுற்று, 1,159. அதற்கடுத்து மைக் ஆண்டர்சன், ஆறாவது சுற்று, முன்னாள் ராணுவ மரைன், 1,487. பிறகு கிளின்டன் போர்டிஸ், 2002-ல் 1,508. தோசைக்கல்லில் மாவு மாறிக்கொண்டே இருந்தது, கல் மாறவே இல்லை. அலெக்ஸ் கிப்ஸ் என்ற லைன் பயிற்சியாளர் பழக்கிய ஸோன் பிளாக்கிங் அது. ஐந்து பேரும் ஆளைத் தேடாமல் ஒரே பக்கமாக அலைபோல நகர்வார்கள். ஓடுகிறவன் பின்னால் வந்து எங்கே பிளவு தெரிகிறதோ அங்கே ஒரே வெட்டு, அவ்வளவுதான். போர்டிஸ் டென்வரில் 5.5 சராசரியில் ஓடினார். வாஷிங்டனுக்கு மாறிய முதல் வருஷம் 3.8.

பழைய டல்லாஸ்காரன்:

அந்த ஒரே வெட்டை வெட்டத் தெரிய வேண்டுமே! எல்லாருக்கும் வருமா அது? அந்த நாலு பேரையும் தேடிப் பிடித்து எடுத்தவர் டென்வரின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஷனஹான். பாட்டியை எடுக்கவில்லை.

புதுக்கண்:

ஒரு சின்ன சந்தேகம், சிரிக்காதீர்கள். சூப்பர் பௌலில் பார்க்லி 25 முறை ஓடி 57 யார்டுதானே எடுத்தான்? அதே லைன், அதே ஆள். அன்றைக்கு யார் கெட்டுப்போனது?

எண்பித்தன்:

இவ்வளவு நேரத்தில் இதுதான் உருப்படியான கேள்வி.

யாருமே கெட்டுப்போகவில்லை. எதிரணி கன்சாஸ் சிட்டி அன்றைக்கு முடிவு செய்துவிட்டு வந்தது, பார்க்லியை ஓட விடக் கூடாது என்று. உங்களிடம் பிளாக் செய்ய ஆறு பேர், ஏழு பேர். அவர்கள் எட்டாவது ஆளைக் கோட்டருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டால் ஒருவன் எப்படியும் மிஞ்சுவான். மிஞ்சியவனைப் பிளாக்கர் தொட முடியாது, ஓடுகிறவன்தான் ஏமாற்றிப் போக வேண்டும். அப்படி எட்டுப் பேரை முன்னால் குவித்தால் பின்னால் ஓட்டை. ஈகிள்ஸ் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் அந்த ஓட்டையில் எறிந்து 40-22 என்று முடித்தார்.

இதையே திருப்பிப் பாருங்கள். டெரிக் ஹென்றி 2023-ல் டென்னசியில் 1,167, சராசரி 4.2. மறு வருஷம் முப்பது வயதில் பால்டிமோரில் 1,921, சராசரி 5.9. பால்டிமோர் லைனில் அந்த வருஷம் மூன்று பேர் புதுசு! லைனும் அசந்துபோகிற லைன் இல்லை, ஆளும் இளமை இல்லை. பக்கத்தில் குவாட்டர்பேக் லாமார் ஜாக்சன் நின்றார், அவ்வளவுதான். பந்தை ஹென்றியிடம் கொடுக்கிறாரா, தானே வைத்துக்கொண்டு ஓடுகிறாரா என்று ஓரத்தில் நிற்பவன் ஒரு கணம் தயங்குகிறான். அந்தத் தயக்கமே ஒரு பிளாக். யார் கணக்கில் எழுதுவீர்கள்?

கழுகுக்கூடு:

ஒத்துக்கொள்கிறேன், ஹர்ட்ஸும் எங்களுக்கு அப்படித்தான். ஜயண்ட்ஸில் பார்க்லிக்கு அந்த வசதி அவ்வளவாக இல்லை.

நீலச்சட்டை:

ஆக, "பார்க்லிதான் காரணம்" என்பதிலிருந்து இறங்கிவிட்டீர்கள். இன்னொன்றும் கேளுங்கள். 2025-ல் அதே பார்க்லி, அதே ஊர். லைனில் டிக்கர்சன், ஜர்கன்ஸ், லேன் ஜான்சன் என்று வரிசையாகக் காயம், பெக்டன் சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். சராசரி 4-ஐ ஒட்டி வந்து நின்றது. இதைவிடச் சுத்தமான பரிசோதனை வேண்டுமா?

கழுகுக்கூடு:

சுத்தமா? 2024-ல் ப்ளேஆஃப் சேர்த்து 436 முறை ஓடினான் அந்த மனுஷன். கால் என்ன இரும்பா?

நீலச்சட்டை:

இதைப் போன வருஷமே சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

கார்டு அப்பா:

தம்பிகளா, நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவன். இன்றைக்கு எழுதத் தோன்றியது.

என் பையன் இங்கே நியூ ஜெர்சியில் பள்ளி அணியில் இடது கார்டு. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம். மற்ற அப்பா அம்மாக்களோடு நானும் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்து பந்து போகிற பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டிருப்பேன். இரண்டு வாரம் முன்பு, கடைசிக் கால்பகுதி, வலப்பக்கம் போகிற ஓட்டம். பையன் தன் இடத்தை விட்டு லைனுக்குப் பின்னால் வலப்பக்கமாக ஓடிவந்து சந்துக்குள் முதலில் நுழைய வேண்டும், ரன்னிங் பேக் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். அந்த ரன்னிங் பேக் பையன் சந்து வாயிலேயே லைன்பேக்கரிடம் (எதிரணி லைனுக்குப் பின்னால் நின்று பிடிக்கிறவன்) மாட்டினான். இரண்டு யார்டு நஷ்டம். நான் எழுந்து நின்று கத்தினேன், "ஓடுடா, என்ன நின்னுக்கிட்டு இருக்கே!" தமிழில்தான், நல்லவேளை அங்கே யாருக்கும் புரியவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் பின்சீட்டில் உட்கார்ந்து விரல்களில் சுற்றிய டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தான். காலுறையைக் கழற்றினால் செயற்கைப் புல்தரையின் கறுப்பு ரப்பர் துகள்கள் கார் பாய் முழுக்கக் கொட்டுகின்றன. சொன்னான், "அப்பா, நீங்க கத்துனது கேட்டுச்சு. அது அவன் தப்பில்ல. நான் தப்பான ஆளைப் புடிச்சேன்." ஓரத்தில் நின்ற எதிராளியை ஃபுல்பேக் (பின்னாலிருந்து வந்து பிளாக் செய்கிறவன்) பார்த்துக்கொள்வான், என் பையன் உள்ளே திரும்பி லைன்பேக்கரைத் தேட வேண்டும். இவனும் போய் ஓரத்தவனையே மோதியிருக்கிறான். ஒருவனுக்கு இரண்டு பேர், இன்னொருவனுக்கு ஆளே இல்லை.

சரி, பிளாக்கர் தப்பு என்று நினைத்தேன். திங்கட்கிழமை பயிற்சியாளர் வீடியோ போட்டிருக்கிறார். மைதானத்தின் முனையில், எல்லைக்கோட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. அதில் பார்த்தால் ரன்னிங் பேக் பையனும் என் பையனை முந்திக்கொண்டு சந்துக்குள் போயிருக்கிறான். அரை அடி பின்னால் வந்திருந்தால் லைன்பேக்கர் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்து மறுபக்கம் வெட்டியிருக்கலாம். பயிற்சியாளர் இருவரையும் திட்டியிருக்கிறார், என் பையனை இரண்டு மடங்கு. ஏனென்றால் ஓடுகிறவன் தப்பு செய்தால் கூட்டம் திட்டிவிடும், கார்டை அவர்தானே திட்டியாக வேண்டும்.

இப்போதெல்லாம் பெஞ்சில் உட்காருவதில்லை, எல்லைக்கோட்டுக்குப் பின்னால் போய் நிற்கிறேன். அங்கிருந்து பார்த்தால் அது வேறு விளையாட்டு.

எண்பித்தன்:

ஐயா, இதைத்தான் நான் மூன்று பத்தியில் சொல்ல முயன்றேன்.

ஒரு தகவல்: ஈகிள்ஸின் இடது டேக்கிள் (லைனின் ஓரத்தில் நிற்கிறவர்) ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். இந்த விளையாட்டில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வந்தார். பார்க்லி இரண்டாவதாகப் போன அதே 2018 டிராஃப்டில் இவர் 233-வது. ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் என்ற லைன் பயிற்சியாளர் முதல் அடியிலிருந்து சொல்லிக்கொடுத்து உருவாக்கினார். பார்க்லியை யாரும் உருவாக்க வேண்டியதில்லை, வரும்போதே அப்படித்தான் வந்தான். ஒரு அணி ஓட முடியாமல் திணறினால் நான் முதலில் லைன் பயிற்சியாளர் யார் என்றுதான் பார்ப்பேன். இது என் சார்பு, திட்டிக்கொள்ளுங்கள்.

பழைய டல்லாஸ்காரன்:

திட்டுகிறேன். 1993.

புதுக்கண்:

டிவியில் எல்லைக்கோட்டுக்குப் பின்னாலிருந்து காட்டவே மாட்டார்களே?

கார்டு அப்பா:

நேரலையில் அபூர்வம். மறுநாள் காசு கட்டினால் அந்தக் கோணத்தில் முழு ஆட்டமும் கிடைக்கிறது.

நீலச்சட்டை:

கட்டிவிட்டேன். அந்த 2020 பிட்ஸ்பர்க் ஆட்டம் தேடினேன், எங்கள் லைனை மட்டும் பார்ப்பதென்று சபதம் எடுத்துக்கொண்டு. பந்தைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மூன்றாவது ஓட்டத்திலேயே கண் பார்க்லியிடம் ஓடிவிட்டது. திரும்ப முதலிலிருந்து போடுகிறேன்.

கழுகுக்கூடு:

15 ஓட்டம்தானே அண்ணே, இந்த வேகத்தில் போனால் பொங்கலுக்குள் முடித்துவிடலாம்.