பலமான அணியில் சேர்ந்து வெல்லும் கோப்பைக்கு மதிப்புக் குறைவா?

வேளிமலை (தக்கலை) கேட்டது:

தக்கலைக்கு அருகில் ஒரு சிறிய கூடைப்பந்துக் கழகத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். எங்கள் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரனான பதினேழு வயது மாணவன், எங்களை ஆண்டுதோறும் தோற்கடிக்கும் நாகர்கோவில் அணி ஒன்றில் சேர விரும்புவதாகச் சென்ற வாரம் என்னிடம் கூறினான். மற்றப் பிள்ளைகள் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். "கெவின் டுரான்ட் போகவில்லையா, சார்?" என்று அவன் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

டுரான்ட், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவின் நட்சத்திர ஆட்டக்காரர். 2016ஆம் ஆண்டு அதன் மேற்கு மண்டல இறுதிச் சுற்றில் அவருடைய ஓக்லஹோமா சிட்டி அணி ஆட்டக் கணக்கில் 3–1 என முன்னிலை பெற்றிருந்தும் கோல்டன் ஸ்டேட் அணியிடம் தோற்றது. சில வாரங்களிலேயே அவர் தம்மைத் தோற்கடித்த அதே அணியில் சேர்ந்தார். 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோப்பையையும் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வென்றார். ஆயினும் ரசிகர்கள் பலர் அந்தக் கோப்பைகளை இன்றும் அரைமனத்துடன்தான் ஏற்கிறார்கள். அவர் செய்தது தவறா?

முட்டம் கடற்கரை எழுதியது:

தவறு என்றே நான் கருதுகிறேன், ஐயா. எங்கள் கடற்கரை ஊர்களின் கால்பந்துப் போட்டிகளில் வெளியூர் ஆட்டக்காரர்களை அழைத்து வந்து களமிறக்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கோப்பை ஊருக்கு வந்துவிடும். ஆனால் நம் பிள்ளை கோல் அடித்தபோது கரையில் எழுந்த ஆரவாரம் அன்று எழுவதில்லை. என்பிஏ ஆட்டக்காரர் டர்க் நோவிட்ஸ்கி தாம் ஆடிய 21 பருவங்களும் டல்லாஸ் அணிக்கே ஆடினார். லெப்ரான் ஜேம்ஸ், டுவெய்ன் வேட், கிறிஸ் பாஷ் ஆகிய மூன்று நட்சத்திரங்களும் ஒன்றுகூடிய மயாமி அணியை 2011 இறுதிச் சுற்றில் அவர் அணி வென்றபோது, அந்த ஒரே கோப்பை எத்தனையோ கோப்பைகளுக்குச் சமமாக இருந்தது. மில்வாக்கி அணியைவிட்டுப் போகாமல் காத்திருந்த யானிஸ் என்ற ஆட்டக்காரரும் 2021 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வென்றார்.

குழித்துறை வாசகன் எழுதியது:

முட்டம் நண்பரின் உணர்வை மதிக்கிறேன். ஆனால் விசுவாசத்தை ஆட்டக்காரனிடம் மட்டும் எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. என்பிஏவில் நுழையும் இளைஞன் தன் முதல் அணியைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. டிராஃப்ட் முறையில் எந்த அணி அவன் பெயரை அழைக்கிறதோ அங்கேதான் அவன் போக வேண்டும். டிமார் டிரோசன் டொராண்டோ அணிக்கு ஒன்பது பருவங்கள் ஆடினார். அங்கேயே இருக்க வேண்டும் என்று மனமார விரும்பினார். 2018இல் நிர்வாகம் அவரை வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து கவாய் லெனார்டை வாங்கியது. மறு ஆண்டே கோப்பையை வென்றது. அந்தக் கோப்பை மதிப்புக் குறைந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அணி ஆளை மாற்றினால் சாமர்த்தியம், ஆள் அணியை மாற்றினால் துரோகம் என்பது என்ன கணக்கு?

இருப்பினும் டுரான்டின் முடிவை மற்றவற்றோடு ஒன்றாக வைக்க என்னால் இயலாது. 2010இல் லெப்ரான் சேர்ந்த மயாமி, முந்தைய பருவத்தில் முதல் சுற்றிலேயே வெளியேறிய அணி; அதைக் கட்டியெழுப்பும் வேலை அவருக்கு இருந்தது. டுரான்ட் சேர்ந்ததோ முந்தைய பருவத்தில் 82 ஆட்டங்களில் 73ஐ வென்று சாதனை படைத்த அணி. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால், ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு என்பிஏ விதிக்கும் உச்சவரம்பு அந்த ஒரே கோடையில் சுமார் 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடி டாலராக உயர்ந்திராவிட்டால், அத்தகைய அணிக்குள் அவருக்கு இடம் கிடைத்திருப்பதே அரிது. விதியை அவர் மீறவில்லை; ஆனால் போட்டியில் எஞ்சியிருந்த எதிர்பார்ப்பை அது பெருமளவு குலைத்துவிட்டது.

பலமான அணி என்பதாலேயே கோப்பை கிடைத்துவிடும் என்றும் இல்லை. புகழ்பெற்ற மூத்த ஆட்டக்காரர்களான கார்ல் மலோனும் கேரி பேட்டனும் குறைந்த சம்பளத்துக்கு லேக்கர்ஸ் அணியில் சேர்ந்தார்கள். 2004 இறுதிச் சுற்றில் டெட்ராய்ட் அவர்களை 4–1 என வீழ்த்தியது. மலோன் கடைசிவரை கோப்பை இல்லாமலேயே ஓய்வு பெற்றார்.

மார்த்தாண்டம் பழைய ஆட்டக்காரி எழுதியது:

டுரான்டுக்கு ஆடுகளத்தில் இடம் உறுதி. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது உறுதியில்லை. நான் கல்லூரியில் படித்தபோது ஒரு பெரிய அணிக்குப் போய் இரண்டு ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெற்றிப் படத்தில் நானும் நிற்கிறேன். ஆனால் அந்த இறுதி ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட நான் ஆடவில்லை. படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது. எந்த இடத்தில் ஆட வைப்பார்கள், எத்தனை நிமிடம் தருவார்கள் என்று முதலில் கேட்டு வரச் சொல்லுங்கள், ஐயா. அங்கே அவனைவிடத் திறமையானவர்களோடு தினமும் பயிற்சி கிடைக்குமானால் தயங்காமல் அனுப்புங்கள்.

வேளிமலை (தக்கலை) எழுதியது:

மூவருக்கும் நன்றி. டிரோசனைப் பற்றிப் படித்தபோது எனக்கே உறுத்தியது. சென்ற ஆண்டு உயரமான ஒரு பையன் வந்து சேர்ந்ததும், நான்கு ஆண்டுகள் எங்களோடு இருந்தவனை நானும் வெளியே உட்கார வைத்தேன். அன்று அதைப் பற்றி யாரிடமும் நான் அனுமதி கேட்கவில்லை. சனிக்கிழமை நானே அவனை நாகர்கோவிலுக்கு அழைத்துச் சென்று அந்த அணியின் பயிற்சியைப் பார்க்கப் போகிறேன். அங்கே அவனை ஆட வைப்பார்கள் என்று தெரிந்தால், "போய் வா, மக்களே" என்று மற்றப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே சொல்லி அனுப்புவேன்.