லீஸ் 80 வருடத்துக்குக் கீழே இறங்க ஒன்பது வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஈஸ்ட்ஹாம் ரெண்டாம் மாடி (22 ஏப்ரல் 2025)

வணக்கம். 2023 நவம்பரில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் வாங்கினோம், 3 லட்சத்து 10 ஆயிரம் பவுண்ட். லீஸ், அதாவது வீட்டை வைத்துக்கொள்ளும் உரிமைக் காலம், 24 ஜூன் 2006 முதல் 99 வருடம். வாங்கும்போது "80-க்கு மேல் இருக்கிறது, பயமில்லை" என்று சொலிசிட்டர் சொன்னதோடு சரி. மதுரையில் தாத்தா கட்டிய வீட்டில் வளர்ந்தவன் நான். காசு கொடுத்து வாங்கிய வீடு வருடத்துக்கு ஒரு வருடம் கரையும் என்பது மண்டையில் ஏறவே நாளாகிவிட்டது. போன வாரம் மார்ட்கேஜ் புரோக்கர்தான் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்: இந்த ஜூன் 24-இல் மிச்சம் சரியாக 80.

லீஸை நீட்டிக்கக் கேட்டு ஃப்ரீஹோல்டரின் (கட்டிடத்துக்கும் நிலத்துக்கும் சொந்தக்காரர்) ஏஜென்ட்டுக்கு மெயில் போட்டேன். வாங்கி இரண்டு வருடம் ஆகாததால் சட்டப்படி கேட்க எனக்கு உரிமை கிடையாதாம். ஆனால் "நல்லெண்ணத்தில்" 9,500 பவுண்டுக்கு லீஸை 125 வருடமாக்கித் தருவார்களாம். கிரவுண்ட் ரென்ட் (ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை) இப்போதுள்ளபடியே தொடரும், அதாவது வருடம் 250, 25 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. 14 நாளில் பதில் வேண்டுமாம். ஒத்துக்கொள்ளலாமா? 990 வருடம் தரும் புதுச் சட்டம் வருகிறதே, அதுவரை பொறுக்கலாமா?

வெம்பிளி அக்கா

தம்பி, அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம். சட்டப்படி லீஸ் நீட்டிப்புக் கேட்கும் நோட்டீஸை மட்டும் அவசரமாகக் கொடுங்கள். 2019-இல் என் லீஸில் 79 வருடமும் நாலு மாதமும் இருந்தது. "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று இவர் இழுத்ததில் எல்லை தாண்டிவிட்டது. நீட்டிக்க ஆகும் விலையை சர்வேயர் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் ஃபைலில் கிடக்கிறது: மேலே 11,400, அதன் கீழே தனி வரியில் மேரேஜ் வேல்யூ 6,900. லீஸ் நீண்டால் வீட்டின் விலை ஏறும் அல்லவா, 80 வருடமோ அதற்குக் குறைவோ இருந்தால் அந்த ஏற்றத்தில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு. என்ன கல்யாணமோ, மொய் மட்டும் நாங்கள் வைத்தோம்.

க்ராய்டன் கன்வேயன்சர்

அந்த இரண்டு வருட விதி 2025 ஜனவரி 31-ஆம் தேதியே போய்விட்டது. நீங்கள் சொன்ன புதுச் சட்டத்தில், அதாவது 2024 சட்டத்தில், ஏற்கனவே அமலுக்கு வந்த பகுதி அது. ஏஜென்ட் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, அது உங்கள் ஊகத்துக்கு. நீங்கள் இன்றைக்கே அக்கா சொன்ன அந்த செக்‌ஷன் 42 நோட்டீஸ் கொடுக்கலாம்.

அவர்கள் தருவது 125, சட்டப்படி கிடைப்பது மிச்சமுள்ள 80-உடன் இன்னொரு 90, ஆக 170. கிரவுண்ட் ரென்ட்டும் அன்றோடு பூஜ்யம். அவர்கள் வழியில் போனால், கூட்டித் தரும் வருடங்களுக்கு ரென்ட் வாங்க 2022-இன் கிரவுண்ட் ரென்ட் சட்டம் விடாது, ஆனால் பழைய 80 வருடத்துக்கு மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்: 2031-இல் 500, 2056-இல் 1,000, 2081-இல் 2,000. 9,500 மலிவாகத் தெரிவது இதனால்தான்.

990 வருடமும் மேரேஜ் வேல்யூ ஒழிப்பும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன, அமலுக்கு வரவில்லை, தேதியும் சொல்லவில்லை. ஜூன் 24-ஐ வைத்துச் சூதாட நான் சொல்ல மாட்டேன். நோட்டீஸ் கொடுக்கும் நாள்தான் மதிப்பீட்டு நாள். அன்று 80-க்கு மேல் இருந்தால் போதும், பேரம் எத்தனை மாதம் இழுத்தாலும் மேரேஜ் வேல்யூ ஒட்டாது. கொடுத்துவிட்டு வாபஸ் வாங்கினால் மட்டும் அடுத்த 12 மாதம் மறுபடி கொடுக்க முடியாது, அவர்களுடைய நியாயமான வக்கீல், சர்வேயர் செலவும் உங்கள் தலையில்.

அவர்கள் பதில் நோட்டீஸ் கொடுக்க நீங்கள் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். விலை படியாவிட்டால், பதில் நோட்டீஸ் வந்த ஆறு மாதத்துக்குள் ட்ரிப்யூனலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தேதியை மறந்து எல்லாவற்றையும் இழந்தவர்கள் உண்டு. நோட்டீஸில் போட்ட தொகையில் 10 சதவீதம் டெபாசிட் கேட்பார்கள், அதைத் தயாராக வையுங்கள்.

ஈஸ்ட்ஹாம் ரெண்டாம் மாடி (24 ஏப்ரல்)

அக்காவுக்கும் நண்பருக்கும் ரொம்ப நன்றி. திங்கட்கிழமை சர்வேயர் வருகிறார், 780 பவுண்ட், வாட் தனி. ஒரு சந்தேகம். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. மனைவியின் பாஸ்போர்ட்டில் மாமனார் பெயர்தான் குடும்பப் பெயர். லேண்ட் ரெஜிஸ்ட்ரியிலோ அவள் பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறிக் கிடக்கின்றன. நோட்டீஸில் எதைப் போடுவது?

க்ராய்டன் கன்வேயன்சர்

நம்மவர்கள் ஃபைலில் வாரம் ஒருமுறை வரும் கதை. ரெஜிஸ்ட்ரியில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்து மாறாமல். திருத்தத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் நோட்டீஸ் போகட்டும். இரண்டு பேர் சார்பிலும் போக வேண்டும். போனதும் அதை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிந்துவிடச் சொல்லுங்கள், நடுவில் ஃப்ரீஹோல்டு கைமாறினாலும் உங்கள் நோட்டீஸ் நிற்கும்.

வெம்பிளி அக்கா

மே மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள் தம்பி. ஜூன் 23 வரை இழுத்து ராயல் மெயிலை நம்பாதீர்கள்.