அமிலத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் பிஎச் 7-ஐத் தாண்டுமா?

மாணவி_12:
அயனிச் சமநிலை பாடம் படிக்கிறேன். பிஎச் அளவுகோலில் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 1. பத்து மடங்கு நீர்க்கச் செய்தால் 2. இன்னும் பத்து மடங்கு என்றால் 3. இப்படியே செறிவு 10⁻⁸ மோலார் வரை போனால் சூத்திரம் (பிஎச் = −log[ஹைட்ரஜன் அயனிச் செறிவு]) 8 என்கிறது. 8 என்றால் காரமாயிற்றே! அமிலத்தில் வெறும் தண்ணீரைச் சேர்த்தால் எப்படிக் காரமாகும்? எங்கே இடிக்கிறது?

குடுவை:
ஆகாது. சரியான விடை 6.98. செறிவு 10⁻⁶-க்குக் கீழே போனால் தண்ணீர் தரும் அயனிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தேர்வுக்கு இது போதும்.

வேதியியல் ஆசிரியர்:
தேர்வுக்குப் போதும்தான். ஆனால் இந்தக் கேள்வியை அவ்வளவு சீக்கிரம் கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை. பிஎச் என்றால் என்ன என்பது பிடிபடத் தொடங்கும் இடமே இதுதான் என்று நினைக்கிறேன்.

பிஎச் கரைசலில் இருக்கும் மொத்த ஹைட்ரஜன் அயனியைக் கணக்கெடுக்கிறது. அது அமிலத்திலிருந்து வந்ததா, தண்ணீரிலிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை. தூய நீரிலும் மிகச் சில மூலக்கூறுகள் தாமாகவே பிரிந்து, 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 10⁻⁷ மோல் ஹைட்ரஜன் அயனியும் அதே அளவு ஹைட்ராக்சைடு அயனியும் இருக்கும். இரண்டின் பெருக்கல் 10⁻¹⁴. அமிலம் 0.1 மோலாராக இருக்கும்போது தண்ணீரின் பங்கு ஒன்றுமேயில்லை. நீங்கள் சொல்லும் 10⁻⁸-இல் நிலைமை தலைகீழ்.

மொத்த ஹைட்ரஜன் அயனியை ‘ஹ’ என்று வையுங்கள். அதில் அமிலம் தந்தது 10⁻⁸, மீதி தண்ணீர் தந்தது. தண்ணீர் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி தருகிறதோ அவ்வளவு ஹைட்ராக்சைடும் தரும். ஆகவே:

ஹ × (ஹ − 10⁻⁸) = 10⁻¹⁴

தீர்த்தால் ஹ = 1.05 × 10⁻⁷, பிஎச் 6.98. அமிலம் தருவது 1 பங்கு என்றால் தண்ணீர் தருவது ஏறக்குறைய 9.5 பங்கு!

சிலர் 10⁻⁷-உடன் 10⁻⁸-ஐ அப்படியே கூட்டி 6.96 என்று எழுதுவார்கள். வெளியிலிருந்து ஹைட்ரஜன் அயனி வந்ததும் தண்ணீர் பிரிவது கொஞ்சம் குறையும் என்பதை அந்தக் கூட்டல் விட்டுவிடுகிறது. சமநிலையைக் குலைத்தால் அது அந்த மாற்றத்தைக் குறைக்கும் பக்கம் நகரும் என்கிற லெ சாட்டலியர் கொள்கை இங்கேயும் வேலை செய்கிறது.

ஒன்று மட்டும்: இதை ஆய்வகத்தில் அளக்கப் போனால் காற்று குறுக்கே வரும். திறந்து வைத்த தூய நீர் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி சுமார் 5.6-க்கு இறங்கிவிடும்.

மாணவி_12:
நன்றி சார், அந்த 9.5 பங்கைப் பார்த்ததும் தெளிந்துவிட்டது. அப்போ எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் 7-ஐ நெருங்குமே தவிர தாண்டாது, சரிதானே?

குடுவை:
25 டிகிரியில் சரி. சூடாக்கினால் தண்ணீர் அதிகம் பிரியும், நடுநிலைப் புள்ளியே கீழே வரும். 37 டிகிரியில் அது சுமார் 6.8, 100 டிகிரியில் சுமார் 6.1. அதற்காகக் கொதிநீர் அமிலம் ஆகிவிடாது, இரண்டு அயனிகளும் அப்போதும் சமமாகவே இருக்கும். மனித ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை. உடல் வெப்பநிலையில் அதை 7-உடன் ஒப்பிடாமல் 6.8-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.