காந்த நடை வேண்டாம், ஒட்டுநடை ஆகட்டும்

> 'காந்த நடை' என்றே வைத்துக்கொள்ளலாமே? 'magnetic gait' என்ற ஆங்கில மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

ஐயா, நேராக இருப்பதுதான் சிக்கல். காந்தக் கண், காந்தக் குரல் என்றால் தமிழில் ஆளை இழுப்பவை. மருத்துவ அறிக்கையில் 'இவருக்குக் காந்த நடை' என்று எழுதினால், வீட்டார் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்த நடை வருவது இயல்பழுத்த மூளைநீர்த்தேக்கத்தில் (normal pressure hydrocephalus), அதாவது அழுத்தம் பெரிதாகக் கூடாமலே மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்கும் நோயில். அதை 1965-இல் ஹக்கீமும் ஆடம்ஸும் விவரித்தார்கள். நடைக்கோளாறு, மறதி, சிறுநீரை அடக்க இயலாமை மூன்றும் அதன் அடையாளங்கள். பெரும்பாலும் முதலில் கெடுவது நடை. கால்களை அகட்டி ஊன்றுவார்கள், காலடி குறுகும், பாதம் காந்தம் இழுத்ததுபோல் தரையை விட்டு எழ மறுக்கும். திரும்பி நிற்பதற்கே பல காலடிகள் ஆகும்.

'உறைநடை' என்று நேற்று ஒருவர் முன்வைத்தார். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், 'உரைநடை' ஆகிவிடும்! மேலும், உறைதல் என்பது பார்க்கின்சன் நோயாளிகள் வாசற்படியில் சட்டென நின்றுவிடுவதற்குப் பொருந்தும். அது வந்து போவது. நாம் பெயர் தேடுவதோ ஒவ்வொரு காலடியிலும் தொடர்வதற்கு.

ஆகவே 'ஒட்டுநடை' என்கிறேன். ஒட்டுச்செடி நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும், நடையோடு சேர்ந்தபின் குழப்பமில்லை.

அளவீட்டுக் குறிப்பிலும் இச்சொல் உட்கார வேண்டும். இடுப்புப் பகுதியில் ஊசி செலுத்தி 30 முதல் 50 மில்லிலிட்டர் மூளைத்தண்டுவட நீரை வடிப்பார்கள். அதற்கு முன்னும் பின்னும், நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கிடுவார்கள். நீரை வயிற்றுக்குத் திருப்பிவிடும் ஷண்ட் குழாயைப் பொருத்திய பிறகும் அதே சோதனைதான். 'ஒட்டுநடை குறைந்தது, காலடி நீளம் கூடியது' என்று எழுதினால் தெளிவாக இருக்கிறது. 'காந்த நடை குறைந்தது' என்றால் கவர்ச்சி போய்விட்டதே என்று வருந்துவார்கள்.

இன்னும் தீராதது ஒன்று: ஒரே குதிகால் மறுபடி ஊன்றும்வரை உள்ள தொலைவுக்கு என்ன பெயர்? 'ஈரடி' என்றால் செய்யுள். 'இணையடி' என்றால் கடவுளின் பாதம்.

> இன்னும் தீராதது ஒன்று

ஒட்டுநடைக்கு என் வாக்கு உண்டு. தொலைவுக்குத் தனிச்சொல் எதற்கு? ஒரு குதிகால் ஊன்றி, அதே குதிகால் மீண்டும் ஊன்றும்வரை நடப்பதை 'நடைச்சுற்று' என்போம். அதன் நேரம் நடைச்சுற்று நேரம், தொலைவு நடைச்சுற்று நீளம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் பாதத்தையும் பாட்டையும் விட்டுவிடும்.